ஒரே இறக்கத்தில்

கிளட்சை மிதித்தால் "கீர்ர்" என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில், 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். காற்றுச் சத்தமாக இருக்கட்டும் என்று கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். இன்னும் தெளிவாகக் கேட்டது.

கிளட்ச் மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் தம்பி சீட்டில் ஏறி உட்காரக்கூட இல்லை. கதவைத் திறந்து, குத்தவைத்து, கையாலேயே பெடலை ரெண்டு தரம் அமுக்கிப் பார்த்தார்.

"ரிலீஸ் பேரிங்ணே. கியர்பாக்ஸ இறக்கணும்."

"நாலு மாசத்துக்கு முன்னாடிதானப்பா இறக்குனோம்?"

"அன்னைக்கே போட்டுவிட்ருவமான்னு கேட்டேன். நல்லாத்தான இருக்கு, கெடக்கட்டும்னு நீங்கதான்ணே சொன்னீங்க."

சொன்னேன்தான். அந்தப் பேரிங்கைக் கையில் வாங்கி, விரலால் சுழற்றி, காதோரம் வைத்துக் கேட்டு, எல்லாம் தெரிந்தவனைப் போலத் தலையாட்டியது நான்தான். அன்று மிச்சம் பிடித்தது ரூ.900. இப்போது கூலி மட்டும் ரூ.3,500. அதுபோக அந்த ரூ.900-ஐயும் கொடுத்தாக வேண்டும்.

வண்டியை விட்டுவிட்டு நகராமல் அன்றைக்குப் பட்டறையிலேயே ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, என்னதான் செய்கிறார்கள் என்று முழுதாகப் பார்த்தேன். முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள். பிறகு அது உட்கார்ந்திருக்கும் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, கியர் கேபிள்கள், கிளட்ச் கேபிள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் ரெண்டையும் எடுத்தார்கள். கியர் ஆயிலை வடித்தார்கள். லோயர் ஆர்மின் பால் ஜாயின்டைத் தட்டிப் பிரித்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் நெம்பி உருவினார்கள். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். என்ஜின் தொங்கிவிடாமல் அடியில் முட்டுக் கொடுத்து, மவுண்டைக் கழற்றி, கியர்பாக்ஸை என்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி எடுத்து, கடைசியில் ஜாக்கியில் தாங்கிப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து இழுத்து இறக்கினார்கள். காலை பத்தரைக்குத் தொடங்கிய வேலை, இந்தக் கட்டத்துக்கு வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

அப்புறம் அந்தத் தம்பி பழைய ரிலீஸ் பேரிங்கைக் கையால் உருவி எடுத்தார். கிரீஸ் தடவிப் புதியதை மாட்டினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கலாம்.

அரை நாள் வழி, ஒரு நிமிஷ வேலை. நாம் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி இந்த வழிக்குத்தான் போகிறது. கிளட்ச் பிளேட் மாற்றினாலும், ரிலீஸ் பேரிங் மாற்றினாலும், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மாற்றினாலும் போகிற வழி ஒன்றே. ஆனால் பில்லில் அவை மூன்றும் மூன்று வேலைகளாக நிற்கின்றன. தனித்தனியாகப் போனால் மூன்று கூலி. ஒரே இறக்கத்தில் முடித்தால் ஒரு கூலியும் கொஞ்சமும்.

இது மெக்கானிக்குகள் கண்டுபிடித்த தந்திரமில்லை. மின்வாரியம் மாதாமாதம் செய்வதுதான். 'மாதாந்திர பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மின் விநியோகம் இருக்காது' என்று செய்தித்தாளில் பார்க்கிறோமே, அன்றைக்கு ஒரே நாளில் கம்பியில் உரசும் கிளையை வெட்டுகிறார்கள், விரிசல் விட்ட இன்சுலேட்டரை மாற்றுகிறார்கள், துணைமின் நிலையத்தில் தளர்ந்த இணைப்புகளை முறுக்குகிறார்கள். கிளைக்கு ஒரு நாள், இன்சுலேட்டருக்கு ஒரு நாள் என்று நிறுத்தினால் ஊர் தாங்காது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் பாயும் வாய்க்கால்களிலும் அப்படித்தான். தண்ணீர் ஓடும்போது யாரும் மதகில் கை வைப்பதில்லை. வாய்க்கால் காயும் நாட்களில் தூர் வாருவது, கரை கட்டுவது, ஷட்டருக்கு எண்ணெய் போடுவது எல்லாம் சேர்ந்து நடக்கும். பராமரிப்புப் பொறியியலில் இதற்கென்று ஒரு தனித் துறையே இருக்கிறது. ஒரு பாகம் பழுதாகித் திறக்க நேரும்போது, அதே வழியில் இருக்கும் மற்றதையும் பார்த்துவிடுவதை அங்கே 'வாய்ப்புப் பராமரிப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரில் அழைக்கிறார்கள். காற்றாலையின் உச்சிக்கு ஆளும் கிரேனும் ஏற்றுவதுதான் பெரிய செலவு என்பதால், அங்கே இந்தக் கணக்கு மிகவும் தீவிரமாகப் போடப்படுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் போகும்போது சுற்றும் அந்த இறக்கைகளைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் ரிலீஸ் பேரிங் ஞாபகம்தான் வருகிறது.

அந்தப் பேரிங் ஏன் நாலே மாதத்தில் போனது? கிளட்சை மிதிக்கும்போது, என்ஜினோடு சேர்ந்து சுழலும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களைச் சுழலாத ஒரு நெம்புகோல் அழுத்த வேண்டும். சுழல்வதும் சுழலாததும் உரசித் தேயாமல் நடுவில் நிற்பதுதான் ரிலீஸ் பேரிங். பெடலில் கால் இருக்கும்போதுதான் அதற்கு முழுப் பாரம். தேனியிலிருந்து மதுரைக்கு நாலாவது, ஐந்தாவது கியரில் போனால் அதற்கு ஏறக்குறைய விடுமுறை. மலையில் நிலைமை வேறு. வளைவுக்கு வளைவு கியர் குறைக்க வேண்டும், எதிர் வண்டிக்கு நிற்க வேண்டும், பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். சமவெளியில் மாதக்கணக்கில் வரும் உழைப்பை மலைச்சாலை சில நாட்களில் வாங்கிவிடுகிறது. காதோரம் வைத்துக் கேட்டபோது அதில் குறை தெரியாததற்குக் காரணமும் இதுதான். கையில் சுழலும்போது பேரிங்குக்குப் பாரமே இல்லை.

கிளட்ச் பிளேட்டின் பாடு இன்னும் மோசம். இதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. சமதளத்தில் என்ஜின் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு நின்ற வண்டியைக் கிளப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் கொடுத்த ஆற்றலில் சரிபாதிதான் வண்டியின் ஓட்டமாகிறது. மறுபாதி கிளட்ச் பிளேட்டில் வெப்பமாகிவிடுகிறது. எத்தனை கெட்டிக்கார ஓட்டுநரானாலும் இந்தப் பாதியை மிச்சம்பிடிக்க முடியாது. என்ஜின் ஒரு வேகத்திலும் சக்கரம் பூஜ்யத்திலும் இருந்து, இரண்டும் ஒன்றுசேரும்வரை நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் உரசலாகத்தான் தீர வேண்டும். மேட்டில் கிளப்பும்போது, வண்டியை உருளாமல் தாங்கும் வேலையும் அந்தப் பிளேட் தலையிலேயே விழுவதால் வெப்பம் இன்னும் கூடும்.

சிலர் வளைவில் பிரேக்கை மிதிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பார்கள். பார்க்க லாகவமாகத்தான் இருக்கும். 1,200 கிலோ எடையுள்ள கார், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் சரிவில், ஐடிலைவிடச் சற்றே கூடிய வேகத்தில் அப்படி நின்றால், பிளேட்டில் நொடிக்கு நொடி எரிவது சுமார் 2 கிலோவாட். ரெண்டு இஸ்திரிப் பெட்டியைப் பிளேட்டின் மேல் கவிழ்த்து வைத்தது போல. கிளட்ச் கருகும் அந்த நாற்றத்தை மலைச்சாலையில் முகராதவர் இருக்க முடியாது.

சரி, கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது. அந்த வழியில் வேறு யார் யார் குடியிருக்கிறார்கள்? கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ஜோடியாகவே வரும், அதில் பேச்சில்லை. ரிலீஸ் பேரிங்கின் கதை சொல்லிவிட்டேன். பிளைவீலுக்குப் பின்னால் கிராங்க் ஆயில் சீல் இருக்கிறது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம், என்ஜின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து விறைத்துப்போயிருக்கும். அது கசிந்தால் ஆயில் நேராகப் புதுக் கிளட்ச் பிளேட்டில் தெறிக்கும், பிளேட் வழுக்க ஆரம்பிக்கும். அதாவது, மாற்றாமல் விட்டால் இது தான் மட்டும் போகாது, மாற்றிய சாமானையும் கூடக் கூட்டிக்கொண்டு போகும். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல்கள் இரண்டும் அதே ஜாதி. கியர் ஆயிலை எப்படியும் வடித்தாயிற்று, பழையதைத் திரும்ப ஊற்றுவதில் அர்த்தமில்லை. கழற்றிக் கீழே கிடக்கும் கியர்பாக்ஸ் மவுண்டின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பதற்குக் கூலி கிடையாது.

ஆனால் 'வழியில் இருப்பதையெல்லாம் மாற்று' என்பது கணக்கு ஆகாது. நல்ல சாமானைத் தூக்கிப்போட்டால் அதில் மீதமிருக்கும் ஆயுளும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அதற்கும் விலை உண்டு. என் பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். விலை ரூ.900, ஆயுளில் அறுபது சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், அன்றே மாற்றியிருந்தால் எனக்கு நஷ்டம் ரூ.540. மாற்றாமல் விட்டதில், அடுத்த கிளட்ச் மாற்றும் காலம்வரை அது தாங்காமல் போவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், கூலி ரூ.3,500-இல் நாலில் ஒரு பங்கு, ரூ.875. மாற்றுவதுதான் லாபம். மலை ஏறும் வண்டிக்கு அந்த வாய்ப்பு நாலில் ஒன்றைவிட அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். சில டீசல் கார்களில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த 'டூயல் மாஸ்' பிளைவீல் வரும். கணக்குக்காக அதன் விலை ரூ.25,000 என்றும், இறக்கும் கூலி ரூ.6,000 என்றும் வைப்போம். அறுபது சதவீத ஆயுள் மிச்சமிருக்கையில் அதை மாற்றினால் வீணாவது ரூ.15,000. பின்னால் அது கட்டாயம் போகும் என்றே வைத்துக்கொண்டாலும் மறுபடி இறக்கும் கூலி ரூ.6,000 தான். இங்கே விட்டுவிடுவதுதான் புத்தி. விலை குறைந்த சாமான், நீண்ட வழி என்றால் மாற்று. விலை கூடிய சாமான், குறுகிய வழி என்றால் அளந்து பார்த்துவிட்டு விடு. இடையில் இருப்பவற்றுக்குத்தான் மெக்கானிக்கின் விரலும் அனுபவமும் வேண்டும்.

வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு பத்தி கூடுகிறது. விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. அந்த ஜீப் ஒருநாள் பட்டறையில் நின்றால், மெக்கானிக் கூலியை விட ஓடாத டிரிப்பின் வருமானம்தான் பெரிய இழப்பு. அது போதாதென்று, ஒருநாள் வராத வண்டிக்குப் பதில் வேறு வண்டி பிடித்த தோட்டம் மறுநாளும் அதையே கூப்பிடலாம். எனவே ஜீப்காரர்கள் நம்மைப் போல ரூ.900-க்குப் பேரம் பேசுவதில்லை. திறந்த அன்றே முடிந்ததெல்லாம் முடிந்தாக வேண்டும் அவர்களுக்கு. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளிப் பாதையை நிறைத்துவிடும். அதற்கு முன்பே, ஐப்பசியிலேயே பட்டறை வாசலில் வேன்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். சீசன் நடுவில் நிற்கும் வண்டியை விட, சீசனுக்கு முன்னால் தானாக நிறுத்திய வண்டிக்குச் செலவு குறைவு என்பதை அந்த ஓட்டுநர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

டைமிங் பெல்ட் இருக்கும் என்ஜின்களில் இந்த விஷயம் கூலியோடு நிற்பதில்லை. எல்லா என்ஜினிலும் பெல்ட் கிடையாது. பலவற்றில் செயின் வரும். பெல்ட் உள்ளவற்றில், பல் வைத்த ஒரு ரப்பர் வார் கீழேயுள்ள கிராங்க் ஷாஃப்டையும் மேலேயுள்ள கேம் ஷாஃப்டையும் இம்மி பிசகாமல் சேர்த்து ஓட்டுகிறது. ரெனால்ட் டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் என்ஜின் போன்றவற்றில், போகிற வழியில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வழிகாட்டும் ஐட்லர் உருளையும் அதே மூடிக்குள்ளே. அந்த மூடிவரை போவதற்கு ஒரு பக்கத்து சக்கரம், என்ஜின் மவுண்ட், வெளி பெல்ட், புல்லி எல்லாம் கழல வேண்டும்.

பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய வாட்டர் பம்ப்பை அப்படியே விட்டால்? பம்ப்பின் சீல் போனால் கூலன்ட் பெல்ட்டின் மேலேயே கசியும். அதன் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால் புத்தம் புது பெல்ட் பல் தாண்டும், அல்லது அறுந்துவிடும். பெல்ட் பிசகினால், மேலே வரும் பிஸ்டனும் திறந்து கிடக்கும் வால்வும் ஒரே இடத்தில் சந்திக்கும் வகை என்ஜின் அது. வால்வு வளையும், ஹெட் இறங்கும். சில ஆயிரம் ரூபாய் பம்ப்புக்காக என்ஜினையே பணயம் வைத்த கதையாகிவிடும். பெல்ட்டையும் டென்ஷனரையும் ஐட்லரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெட்டியில் போட்டு 'கிட்' என்று கம்பெனிகள் விற்பதை நானும் ஒரு காலத்தில் வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம். கூலன்டை எப்படியும் வடிக்கிறார்கள் என்பதால், தெர்மோஸ்டாட்டையும் உப்பிப்போன ரேடியேட்டர் ஹோஸையும் அதோடு பார்த்துவிட்டால் தேவலை.

இனி மலை இறங்குவோம். போடிமெட்டிலிருந்து போடிக்கு வரும்போது செங்குத்தாகச் சுமார் 1,000 மீட்டர் கீழே வருகிறோம். ஆளும் சாமானுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்தில் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1.47 கோடி ஜூல். மின்வாரிய மீட்டரில் சொன்னால் 4 யூனிட். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரையைக் கொதிக்க வைக்கப் போதும். கீழே வந்து சேரும்போது அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயிருக்க வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் என்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது, காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தை நாலு சக்கரத்து டிஸ்க்கும் டிரம்மும் குடித்தாக வேண்டும். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம்பிடிக்கிறவர்கள், தண்ணீர் கேன் கணக்கைப் பிரேக்கின் தலையில் முழுதாக ஏற்றுகிறார்கள்.

இங்கேதான் பிரேக் ஆயில் வருகிறது. பிரேக் பேட் தேய்ந்தால் சத்தம் போட்டாவது சொல்லும். ஆயில் எதுவும் சொல்லாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4-க்கு முறையே 230, 155. ஈரமேறிய ஆயில் மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தைக் கடத்தும். ஆவியை அமுக்கினால் தான் சுருங்கிக்கொள்ளும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பேட் மாற்றும்போது சக்கரம் கழன்றிருக்கிறது, காலிப்பர் கையில் இருக்கிறது, ஆயிலை வெளியேற்றும் அந்தச் சின்ன நிப்பிள் கண்ணெதிரே இருக்கிறது. ஆயில் மாற்றிக் காற்று எடுக்க அதைவிட நல்ல நேரம் வராது. தேய்ந்து விளிம்பு கட்டிய டிஸ்க்கை லேத்துக்கு அனுப்புவதானாலும் அன்றைக்குத்தான். முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராடு எண்ட் இவற்றில் எதை மாற்றினாலும் கடைசியில் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். இந்த மாதம் புஷ், அடுத்த மாதம் ராடு எண்ட் என்று பிரித்துச் செய்கிறவர், அலைன்மென்டுக்கு இரண்டு தரம் பணம் கட்டுகிறார். நடுவில் ஒரு ஜோடி டயரையும் தின்னக் கொடுத்திருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்க வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கைச் சில விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கான்ராட் வாடிங்டன் உண்மையில் உயிரியலாளர். குறிப்பிட்ட மணிநேரம் பறந்ததும் ஒவ்வொரு விமானத்தையும் பிரித்துப் பார்த்து மாட்டுவது வழக்கம். அப்படிச் செய்தபின் பழுது குறைய வேண்டும் அல்லவா? நேர்மாறாக இருந்தது. சோதனை முடிந்து வந்த உடனேதான் பழுது அதிகம்; பறக்கப் பறக்கத்தான் குறைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டியதே பல பழுதுகளுக்குக் காரணம். போர்க்கால ரகசியமாக இருந்த இந்த ஆய்வைப் பற்றி வாடிங்டன் எழுதிய நூல் 1973-இல்தான் வெளிவந்தது.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1978-இல், யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார்கள். அவர்கள் பார்த்த பாகங்களில் 89 சதவீதத்துக்கு 'இவ்வளவு காலமானால் தேய்ந்துபோகும்' என்ற ஒரு வயதே கிடையாது. 68 சதவீதம் புதிதாக மாட்டிய தொடக்க நாட்களில்தான் அதிகம் பழுதாயின, அதைத் தாண்டிவிட்டால் ஒரே சீராக ஓடின. அத்தகைய பாகத்தை வயதைக் காரணம் காட்டி மாற்றுவது, குழந்தை நோய்களைத் தாண்டி வந்த ஆளை அனுப்பிவிட்டு மறுபடி கைக்குழந்தையைக் கொண்டுவந்து வைப்பது போல.

அப்படியானால் எதைச் சேர்த்து மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது? நான் என் வண்டிக்கு வைத்துக்கொண்ட பிரிவு எளியது. தேய்வது, காய்வது, திடீரென்று போவது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேரிங், புஷ் எல்லாம் தேய்வது. ஆயில் சீல், ஹோஸ், பெல்ட், மவுண்ட் எல்லாம் காய்வது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். இந்த இரண்டு வகையும் வழியில் எதிர்ப்பட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சென்சார், மின்னணுப் பெட்டி, ரிலே, ஸ்டார்ட்டரின் மின்பாகங்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. அவை நேற்று நன்றாக இருந்தால் நாளைக்கும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'கழட்டுனதோட கழட்டுனதா இந்த சென்சாரையும் மாத்திருவோம்' என்று சொல்பவரிடம் ஏன் என்று ஒரு கேள்வி கேட்பது நம் உரிமை. வாடிங்டன் கணக்கு பழுதுபார்ப்பதைச் சேர்த்துச் செய்வதற்கு எதிரானதல்ல என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு திறப்பும் ஓர் ஆபத்து என்றால், மூன்று தரம் இறக்கி ஏற்றுவதை விட ஒருதரம் இறக்கி ஏற்றுவதில் ஆபத்தும் மூன்றில் ஒன்று. தேவையில்லாமல் தொடுவதைத்தான் அது எச்சரிக்கிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு மணிநேரம் என்று அட்டவணை இருக்கும், கூலி அதிலிருந்துதான் வரும். ஒரே வழியில் இரண்டு வேலை என்றால் பொதுவான நேரத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். கணினி அதை எப்போதும் தானாகச் செய்துவிடாது. எஸ்டிமேட் போடும்போதே, 'கியர்பாக்ஸ் இறக்குவது இரண்டு இடத்தில் வந்திருக்கிறதே' என்று கேட்டுவிடுவது நல்லது, பில் வந்த பிறகு கேட்டால் முகம்தான் கடுக்கும். நம்மூர்ப் பட்டறையில் அட்டவணை கிடையாது, மொத்தமாக ஒரு கூலி பேசுவார்கள். அங்கே நான் கேட்பது ஒரே கேள்வி: "அந்த வழியில வேற என்னென்ன இருக்கு?" சாமானை அன்று காலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். மத்தியானம் கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு, இருபது ரூபாய் சர்கிளிப் மதுரையிலிருந்து பஸ்ஸில் வரக் காத்திருந்தால் மிச்சம்பிடித்த கூலி அந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

அன்றைக்கு என் வண்டியின் கியர்பாக்ஸ் இரண்டாவது முறையாகத் தரையில் கிடந்தபோது நான் வாளியை விட்டு எழுந்து பக்கத்தில் போனேன். இந்தத் தடவை எதையும் விட்டுவிடக் கூடாது என்ற வெறியில், "கிராங்க் சீல், ஷாஃப்ட் சீல், மவுண்டு, அப்புறம் அந்த ஸ்டார்ட்டரு, எல்லாத்தையும் மாத்திருப்பா" என்றேன்.

தம்பி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தார். சீல் ஓரத்தில் விரலை வைத்துத் துடைத்து, கறுப்பாக ஒட்டிய ஆயிலை என்னிடம் காட்டினார். மவுண்டின் ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினார். அது அழுந்தித் திரும்ப எழுந்தது. ஸ்டார்ட்டரைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தார்.

"சீலு ரெண்டும் போட்ருவோம்ணே. மவுண்டு இன்னும் உசுரோட இருக்கு. ஸ்டார்ட்டருக்கு என்ன கேடு? அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்."